விடுப்புக் கேட்டவர்

நவம்பர் 4, ராஞ்சி
மாநில ஹாக்கி முகாமுக்கு மகள் தேர்வாகிவிட்டாள்! தெருவுக்கே லட்டு கொடுத்தோம். ராத்திரிதான் தேதியைக் கவனித்தோம். அதே வாரம் செமஸ்டர் தேர்வு.

நவம்பர் 6
தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டோம், கல்லூரியில் மறுத்துவிட்டார்கள். வராவிட்டால் அரியர்தானாம்.

நவம்பர் 9
துறைத்தலைவர் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "ஜெய்பால் சிங் முண்டா பிறந்த மண் இது. அவர் படிக்கவும் செய்தார், ஆடவும் செய்தார்." இங்கே ஹாக்கி மைதானத்துக்கே அவர் பெயர்தான். உட்கார்ந்து அவரைப் பற்றிப் படித்தேன். குந்திப் பக்கத்து முண்டா வீட்டுப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, பொருளாதாரத்தில் ஆனர்ஸ், ஹாக்கியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு 'புளூ' என்ற கௌரவம். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் போனார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்தது 29 கோல். எதிரணிகளால் ஒன்றுகூடப் போட முடியவில்லை. ஆனால் மே 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் தலைவர் களத்தில் இல்லை, அதற்குள் அணியைவிட்டு விலகியிருந்தார். திரும்பி வந்தவரை இன்னும் ஓராண்டு பயிற்சியில் இருக்கச் சொன்னார்கள். ஐ.சி.எஸ். வேலையே வேண்டாமென்று உதறினார்.

இரண்டையும் செய்தார் என்கிறார்களே, செய்ய விட்டார்களா? மைதானத்துக்குப் பெயர் வைத்தவர்கள் இந்தப் பாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 10
தலைவலி.

நவம்பர் 13
மட்டையின் பழைய கிரிப்பை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பசை கறுத்துத் திரண்டிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"வேலைய விட்டுட்டு அவர் என்னம்மா ஆனார்?"

"ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில தன் ஜனங்களுக்காகப் பேசினார்."

"அப்போ ஒண்ணும் கெட்டுப்போகலியே" என்றபடி புது கிரிப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். எனக்குத்தான் அடிவயிறு பிசைந்தது.

நவம்பர் 15
அவள் அப்பா தேர்வுதான் முக்கியம் என்கிறார். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

நவம்பர் 17
பல்கலைக்கழகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தேன். சலுகை மதிப்பெண் கேட்கவில்லை. தேர்விலிருந்து விலக்கும் கேட்கவில்லை. முகாம் முடிந்தபின் ஒரு நாளில் அவளுக்குத் தேர்வு வையுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முகாம் 20-ஆம் தேதி தொடங்குகிறது. பதில் இன்னும் வரவில்லை.