ஐப்பசி விடியலில் ஒரு மலைப் பயணம்

இலையுதிர்காலம் என்று மேனாட்டார் கூறும் பருவம் எமது நாட்டில் இல்லை. மரங்கள் பொன்னிறம் பூண்டு நிற்கும் காட்சியை நாம் நாட்காட்டிப் படங்களிலேயே கண்டிருக்கிறோம். ஆயினும், பெரும்பொழுதை ஆறாக வகுத்த எம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் எனப் பெயரிட்டுத் தனியே பிரித்தனர். அப்பிரிவு எத்துணைப் பொருத்தமானது என்பதை அறிய விரும்புவோர், அம்மாதங்களில் ஒரு விடியற்காலையில் மலைநாட்டுக்குச் செல்லல் வேண்டும். இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். இரவில் வானம் வெளுக்கும். விடியும்போது, மழை கழுவிவிட்ட காற்றினூடே மலைகள் அடுக்கடுக்காய்த் தெளிந்து தோன்றும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் கமராப் பித்தர்களுள் நானும் ஒருவன்.

அப்புத்தளையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் தமது காரில் என்னை அழைத்துச் செல்ல இசைந்தார். அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுகடு ஒன்றின்மேல் அமைந்த நகரம் அப்புத்தளை. ஒருபுறம் ஊவாவின் மேட்டுநிலம். மறுபுறம் தென்சமவெளியை நோக்கிச் சட்டென்று இறங்கும் சரிவு. அச்சரிவைச் சுற்றி வளைந்து வளைந்து பெரகலைச் சந்திக்கு இறங்கும் பாதையில், காரின் விளக்கொளி பனிமூட்டத்தில் பட்டு எம்மையே திரும்பி நோக்கியது. நண்பர் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. கமராவை மடியில் இறுகப் பற்றியிருந்தேன்.

பெரகலையிலிருந்து வெல்லவாய வீதியில் கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றதும், ஒரு வளைவில் காரை நிறுத்தினோம். கீழே பள்ளத்தாக்கு இல்லை. வெண்முகிற் கடல் ஒன்றே இருந்தது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்திற் தேங்க, அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக ஒடுங்கி இம்மூட்டம் பிறக்கிறது. கதிரவனின் சூடு பட்டதும் அது கலைந்து மேலேறத் தொடங்கும். பின்னர் மலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஆகவே இக்கலையில் விரைவு வேண்டும். எனினும் விரைந்தாற் கை நடுங்கும்! முக்காலியை நிறுத்தி, ஆறு மணியளவில் முதற்கதிர் பக்கவாட்டில் விழுந்தபோது, முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருநீலம், நீலம், சாம்பல் என மங்கிச் செல்லும் காட்சியைப் பதிவுசெய்தேன். முப்பது படங்களேனும் எடுத்திருப்பேன். அவற்றுள் இரண்டு தேறும் என்பது என் கணிப்பு.

கொஸ்லந்தையை அண்மித்ததும், அதற்கப்பாலுள்ள தியலும நீர்வீழ்ச்சிக்குச் செல்வோம் என்றேன். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அவ்வருவி, மழைக்காலத்தில் காணத்தக்கது. நண்பரோ மறுமொழி கூறாமல் தோட்டப்பாதை ஒன்றிற் காரை ஏற்றினார். சிறிது நேரத்தில் என் கண்முன் ஓர் அழகிய சரிவு விரிந்தது. கரும்பச்சைத் தேயிலை நடுவே, மேலிருந்து கீழாக இளம்பச்சைப் புல் ஒரு பட்டாடையின் கரைபோல் இறங்கியிருந்தது. சாய்வெயில் அதன்மேல் விழுந்து மின்னியது. இறங்கி ஓடி, அந்த இளம்பச்சையை நடுவில் நிறுத்திப் படமெடுத்தேன். அன்றைய படங்களுள் இதுவே தலையாயது என்று மகிழ்ந்து, கமராவின் சிறுதிரையை நண்பரிடம் காட்டினேன்.

"சேர், இதுதான் மீரியபெத்த" என்றார் அவர்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. நாட்கணக்காகப் பெய்த மழை மண்ணில் ஊறியிருக்க, காலை ஏழரை மணிக்குப் பின்னர் மலைச்சரிவு பெயர்ந்து லயன் வரிசைகளின்மேல் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர், வீட்டிலிருந்தோர் தப்பவில்லை. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. சுவரில் வெடிப்பு, மரங்களின் சாய்வு, புதிதாய்ப் பீறிடும் கலங்கல் ஊற்று ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று நாம் வகுப்பறையிற் கற்பிக்கிறோம். அறிகுறியைக் கண்டவன் குடும்பத்தோடு எங்கே போய்க் குடியிருப்பது என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் விடையில்லை. தப்பியோருக்கு வேறிடத்தில் வீடுகள் கிடைத்தது 2016இல்.

நான் பட்டுக்கரை என்று கண்டது, அந்த மண் இறங்கிய வடு. அதன்மேற் புல் வளர்ந்திருந்தது; அவ்வளவே.

அப்புல்லை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு மேலேறி வந்தார். படம் எடுத்ததற்குச் சினப்பார் என்று அஞ்சினேன். அவர் கேட்டதோ வேறு.

"எனக்கு ஒரு படம் குடுப்பீங்களா சேர்? கல்யாணப் படம், புள்ளைங்க படம், ஒண்ணுமே மிஞ்சல. எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. இந்த எடத்தோட படமாவது வீட்டுல இருக்கட்டும்."

எடுத்த படத்தைக் காட்டினேன். கூர்ந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "இதுல எங்க வீடு வரலயே. இன்னும் எடப்பக்கம் திருப்புங்க. அந்தப் பலாமரம் தெரியுதா? அதுக்குக் கீழ."

முக்காலியைத் திருப்பினேன். அவர் சொன்ன திசையிற் பலாமரம் ஒன்று, புதர், வெறும் மண்மேடு. இதற்குள் மூட்டம் கலைந்து வெயிலும் வெளிறிவிட்டது. படக்கலை நூல்கள் விலக்கும் குற்றங்கள் யாவும் அப்படத்தில் உண்டு. அவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, அவர் போதும் என்னும்வரை எடுத்தேன். நீர்வீழ்ச்சிக்குச் செல்லவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அப்புத்தளையில் வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது.

ஊர் திரும்பியதும் அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு நண்பருக்கு அனுப்பினேன். அவர் நேரிற் கொண்டுசென்று கொடுத்தாராம். பெரியவர் அதை வெகுநேரம் பார்த்திருந்து, பலாமரத்தின் கீழே ஓரிடத்தில் விரலை வைத்து, "இதுதான் எங்க வாசல்" என்று பேரப்பிள்ளைக்குக் காட்டினார் என்று கடிதம் எழுதியிருந்தார்.