டிவியில் விழுந்த அறை

2012 ஜூன்ல ஒரு வீடியோ சுத்திச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? கிரேக்க டிவியில காலை நேர விவாதம். ஒருத்தர் திடீர்னு எழுந்து எதிரே இருந்த பெண் மேல டம்ளர் தண்ணியை வீசுறார். தட்டிக்கேட்ட கம்யூனிஸ்ட் எம்.பி. லியானா கனெல்லிக்கு பளார் பளார்னு அறை. நேரடி ஒளிபரப்புல! நானும் அதை ஆபீஸ்ல நாலு பேருக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இப்போ உறுத்துது. அதான் இந்தப் பதிவு.

அறைஞ்சவர் இலியாஸ் காசிடியாரிஸ். கட்சி பேரு கோல்டன் டான், அதாவது தங்க விடியல். ஏதோ பக்திப் பாட்டு கேசட் மாதிரி இல்ல? ஆனா 1980ல மிகலோலியாகோஸ் அதே பேர்ல ஆரம்பிச்ச பத்திரிகை நாஜிகளைக் கொண்டாடினது. 2009 தேர்தல்ல இவங்களுக்கு விழுந்தது 0.29 சதவீதம். யாரும் சீந்தலை. அப்புறம் கடன் நெருக்கடி வந்து சம்பளம், பென்ஷன் எல்லாம் வெட்டினாங்க, வேலையும் போச்சு. இவங்க "கிரேக்கர்களுக்கு மட்டும்"னு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தாங்க. ராத்திரியில வெளிநாட்டுக்காரங்களைத் தேடிப் போய் அடிச்சாங்க. 2012 மே மாசம் 21 எம்.பி.க்கள்! அந்த அறை விழுந்து பத்தே நாள்ல மறுதேர்தல். ஓட்டு சரிஞ்சிருக்கும்னு தானே நினைப்பீங்க? 6.97 சதவீதம் 6.92 ஆச்சு. அவ்வளவுதான்.

2013 ஜனவரியில ஏதென்ஸ்ல ஷாஜாத் லுக்மான்னு ஒரு பாகிஸ்தானி இளைஞர் விடியறதுக்கு முன்னாடி சைக்கிள்ல வேலைக்குப் போனார். வழியில குத்திக் கொன்னுட்டாங்க. பிடிபட்டவங்கள்ல ஒருத்தன் வீட்டுல இந்தக் கட்சி நோட்டீஸ் கிடைச்சது. கொன்னவங்க மேல கேஸ் நடந்தது, கட்சிக்கு ஒண்ணும் ஆகலை. செப்டம்பர்ல பாவ்லோஸ் ஃபிஸாஸ்ங்கற ராப் பாடகரைக் கட்சிக்காரன் ஒருத்தன் குத்திக் கொன்னான். செத்தவர் கிரேக்கர். பத்து நாள்ல கட்சித் தலைவரே கைது.

இந்த ரெண்டு சாவுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை என்னால ஜீரணிக்க முடியலை.

சரி, கைதோட கதை முடிஞ்சுதா? எங்கே! 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்ல 9.4 சதவீதம். 2015ல நடந்த ரெண்டு தேர்தல்லயும் மூணாவது இடம். விழுந்தது 2019லதான்: 2.93 சதவீதம். 3 இருந்தாத்தான் சபைக்குள்ள போக முடியும்.

வழக்கு அஞ்சரை வருஷம் இழுத்தது. பாவ்லோஸோட அம்மா மாக்தா கறுப்பு உடுத்தி, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் கோர்ட்டுல வந்து உட்கார்ந்தாங்க, மகனைக் கொன்னவங்களைப் பார்த்துக்கிட்டே. 2020 அக்டோபர் 7. கட்சியை நடத்தினதே ஒரு குற்றக் கும்பல்னு தீர்ப்பு. குத்தினவனுக்கு ஆயுள், தலைவருக்கு 13 வருஷம். வெளியே ஆயிரக்கணக்குல கூட்டம். மாக்தா கையை உயர்த்தி மகன் பேரைச் சொல்லிக் கத்தினதைப் பார்த்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது.

சுபம் போட்டுடலாமா? முடியலையே. 2023ல ஜெயில்ல இருந்துகிட்டே காசிடியாரிஸ் ஆதரவு கொடுத்த ஸ்பார்ட்டன்ஸ் கட்சி 12 சீட் ஜெயிச்சுது.

அன்னிக்கு டிவியில அறை வாங்கினது யாரோ ஒரு அம்மான்னு நினைச்சுதான் சிரிச்சேன். ஷாஜாத் செத்தப்போ சும்மா இருந்தவங்களும் யாரோன்னுதானே நினைச்சிருப்பாங்க? அவங்களைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தெரியலை. நீங்க சொல்லுங்க.