புகைக்குள் ஒரு பஞ்சர்

"ஆப்ல ஊதா கலர் காட்டுதுங்க. இன்னிக்கு சைக்கிள் வேணாமே" என்றாள் மனைவி. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால்தான் அந்த ஊதா. நான் கேட்கவில்லை.

2018 நவம்பர். கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலை ஊரையே அழித்து, 85 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீ. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், டேவிஸில் இருந்த எங்களுக்கு இரண்டு வாரமாக வானமே இல்லை. என்95 மாஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்காமல், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த நுண்துகளுக்குக் கைக்குட்டையெல்லாம் ஒரு தடையா!

விண்டர்ஸ் போகும் வழியில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம்தான் இடம். அதிலும் கண்ணாடித் தூள், கிழிந்த டயர்த் துண்டுகள். அங்கே போய் முன்சக்கரம் பஞ்சர். தடவிப் பார்த்தால், நம்மூர் நெருஞ்சி முள்ளேதான்! இங்கே இதற்கு 'ஆட்டுத்தலை' என்று பெயர்.

குனிந்து ட்யூபைக் கழற்றும்போது லாரி ஒன்று உரசுவதுபோலப் போனது. சைக்கிளைத் தாண்டும் வண்டி 3 அடி தள்ளிப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். புகையில் ஆள் தெரிந்தால்தானே? அந்தக் காற்றில் தடுமாறிப் பள்ளத்தில் விழுந்தேன். எழுந்து போன் செய்தபோது கை நடுங்கியது.

மனைவி காரில் வந்தாள். திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பின்சீட்டிலிருந்து மகன், "அப்பா, உன் மீசை ஏன் வெள்ளையாயிடுச்சு?" என்றான். சாம்பல்.

ராத்திரி முழுக்க இருமல். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவள், ஊதாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

21-ஆம் தேதி மழை வந்தது. அதுவரை சைக்கிள் பால்கனியில் நின்றது, முன்சக்கரத்தில் காற்றில்லாமல்.