பெரும்பான்மை ஓட்டுக்குள் ஒரு ட்ரேடு

2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. அந்த வாரம் மூலனூர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்குவதா என்று சிலர். தோனிக்குப் பிறகு கீப்பர் வேண்டாமா என்று சிலர். எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர் யார், தள்ளி நின்று கேட்டவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. பேரம் என்பது விலையைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. இரண்டு பேர் எதிரெதிரே சமமாக உட்கார முடிந்தால்தான் அது நடக்கும்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2025 ஐபிஎல் சீசனில், மார்ச் 22 முதல் ஜூன் 3 வரை, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய ஒரு கற்பனை லீக்கில் நேரில் பார்த்தோம்.

கற்பனை லீக் என்றால் என்ன என்று தெரியாத தோழர்களுக்காக: நிஜ வீரர்களைக் கற்பனைப் பணத்துக்கு ஏலம் எடுத்து ஆளுக்கொரு அணி அமைக்க வேண்டும். அந்த வீரர்கள் நிஜப் போட்டியில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் நம் அணிக்குப் புள்ளியாகச் சேரும். சீசன் நடுவில் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். அதுதான் ட்ரேடு. கடைசியில் புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்பவர் வெற்றியாளர். 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் பேஸ்பாலை வைத்து இதைத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிச் சாப்பிட்ட ஒரு உணவகத்தின் பெயர்தான் லீக்கின் பெயராகவும் ஆனது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குள் பிறந்த விளையாட்டு இது. அந்த மேசை அவர்களுக்கு இயல்பாகக் கிடைத்தது. இரட்டைக் குவளையை உடைக்கவே போராட வேண்டியிருந்த கொங்கு மண்ணில் அதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் லீக்கில் 9 அணிகள். காலனியிலிருந்து 4, ஊரிலிருந்து 5. விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் பனியன் கம்பெனித் தம்பிகள், செக்கிங் வேலை பார்க்கும் இரண்டு அக்காக்கள், தாராபுரம் பக்கம் கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் எனக் கலவையான கூட்டம். காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிப்பு மையத்தில் கூடுவோம், கரும்பலகையில் பட்டியலை எழுதுவோம். ரன்னுக்கு 1, விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8 என்று கணக்கு.

ஏலத்தை எப்படி நடத்துவது என்பதில் மூலனூரே எங்களுக்கு வழிகாட்டியது. இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாராவாரம் பருத்தி வருகிறது. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். மறைமுக ஏலம். சத்தம் போட்டு அமுக்க முடியாது. யார் கேட்டது என்று முகம் பார்க்க முடியாது. அந்தப் பருத்தியை வெயிலில் குனிந்து எடுத்த நம் பெண்களுக்கு அந்தக் கூடத்தில் சீட்டு எழுதும் இடமில்லை என்பது வேறு கதை. அதே முறையில் வீரர்களையும் ஏலம் விட்டோம். பிரச்சினை எதுவும் எழவில்லை. விராட் கோலி ஊர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவருக்குப் போனார். சாய் சுதர்சன் செக்கிங் அக்காக்களுக்கு. தோனியும் நூர் அகமதும் ஓவர்லாக் அடிக்கும் 19 வயதுத் தம்பிக்கு.

சீட்டு முடிந்து முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டம் வந்ததும் சாதியும் வந்து உட்கார்ந்தது.

முதலில் வந்தது பேச்சில். ப்ளஸ் டூ படிக்கும் ஊர்ப் பையன், தன்னைவிட ஒன்பது வயது மூத்த கட்டிங் மாஸ்டரிடம், "டேய், பும்ராவைக் குடுறா" என்று கேட்டான். திட்டவில்லை, கோபமும் இல்லை. அவன் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனும் கூப்பிட்டான். அன்றே ஒரு விதி எழுதினோம்: ட்ரேடு பேசும்போது இரண்டு பக்கமும் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும். "விளையாட்டுல எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவன் எங்களிடம் கேட்டான். பட்டம் படித்த எங்களிடம் அவனுக்கு 'ங்க' தானாகவே வந்தது. அதை அவனுக்கே சுட்டிக் காட்டினோம். கொஞ்ச நேரம் யோசித்தான். அடுத்த வாரம், "ஏனுங்ணா, பும்ரா விசயம் என்னாச்சுங்க?" என்று கேட்டான்.

இரண்டாவது வந்தது ஓட்டில். ஒரு ட்ரேடு நியாயமில்லை என்று பாதிக்கு மேற்பட்ட அணிகள் நினைத்தால் அதை ரத்து செய்யலாம் என்பது பல கற்பனை லீக்குகளில் இருக்கும் வழக்கம். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவதைத் தடுக்க வந்த விதி. எங்கள் உறுப்பினர்களும் முதல் கூட்டத்தில் அதையே ஏற்றார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஊர் அணிகள் இரண்டுக்குள் ஒரு ட்ரேடு. ஒருவர் ஜாஸ் பட்லரைக் கொடுத்தார். பதிலுக்கு வாங்கியது ராகுல் திரிபாதியை. பட்லர் அந்த சீசனில் 538 ரன் எடுத்தார். திரிபாதி சில போட்டிகளோடு சென்னை அணியின் பெஞ்சுக்குப் போய்விட்டார். அப்போதே அது ஒருதலைப் பேரம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் ஓட்டுக் கேட்கவில்லை. "பங்காளிக்குள்ள கொடுக்கல் வாங்கல்னா முன்னப்பின்னத்தான் இருக்கும்" என்று சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஓவர்லாக் தம்பி, தோனியையும் நூர் அகமதையும் அக்காக்களுக்குக் கொடுத்து சாய் சுதர்சனைக் கேட்டார். அக்காக்களுக்கு விக்கெட் எடுக்க ஆள் இல்லை. தம்பிக்கு மேல்வரிசை பேட்ஸ்மேன் இல்லை. இருவருக்கும் தேவையான பேரம். கரும்பலகையில் எழுதிய ஐந்தாவது நிமிடம் ஓட்டு கேட்டார்கள். "ரெண்டு பேரும் ஒரே தெரு. பேசி வெச்சுத்தான் பண்றாங்க." ஆதரவு 4, எதிர்ப்பு 5. ரத்து.

இரண்டு ட்ரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவுக்காரர்கள் விட்டுக்கொடுத்தால் அது பாசம். காலனிக்காரர்கள் கணக்குப் போட்டு மாற்றிக்கொண்டால் அது சதி. செயல் ஒன்றுதான், பெயர் இரண்டு. பஞ்சாயத்து அலுவலகத்திலும் கம்பெனியிலும் கல்லூரி விடுதியிலும் இதே இரட்டைப் பெயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நான்கு பேர் சேர்ந்து நின்றால் நண்பர்கள், நாம் நான்கு பேர் சேர்ந்து நின்றால் கும்பல்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் இதை விளக்குகிறார். அரசியல் பெரும்பான்மை வேறு, வகுப்புப் பெரும்பான்மை வேறு என்பது அவருடைய வாதம். முன்னது கருத்தால் கூடுவது. கருத்து மாறினால் அதுவும் மாறும். பின்னது பிறப்பால் வருவது. எந்தக் கேள்வியைப் போட்டாலும் அதே எண்ணிக்கையில் நிற்கும். எங்கள் கரும்பலகையில் இருந்த 5-4 எந்த வகை என்று சமூகவியல் படிக்கும் தோழர்கள் சொல்லிவிடுவார்கள்.

அன்று ராத்திரி ஓவர்லாக் தம்பி எங்களிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களைத் தூங்கவிடவில்லை. "இதுக்கு ஆப்லயே ஆடலாங்க. அங்க எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க."

யோசித்தால் அது உண்மை. பணம் கட்டி ஆடிய செயலியில் புனைபெயர் வைத்துக்கொள்ள முடிந்தது. லட்சம் பேர் இருந்த பட்டியலில் நம் பெயர் மேலே ஏறியபோது யாரும் ஓட்டுப் போட்டு இறக்க முடியவில்லை. நம் பிள்ளைகள் அங்கே போனதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். சாதி கேட்காத ஒரு தரவரிசை கிடைத்தது என்பதும் காரணம். ஆனால் அந்தத் தரவரிசைக்கு விலை, சனிக்கிழமை சம்பளம். 49 ரூபாயில் தொடங்கி, விட்டதைப் பிடிக்கிறேன் என்று வாரச் சம்பளத்தையே விட்டு, கந்துக்காரரிடம் நின்ற தம்பிகளை எங்களுக்குத் தெரியும். தெருவைக் கேட்காத சந்தை பர்சை மட்டும் கேட்டது.

2008இல் தொடங்கிய ட்ரீம்11 போன்ற விளையாட்டுகள் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்தவை என்று 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஏற்றது. 2020இல் ஐபிஎல்லின் தலைமை விளம்பரதாரராகவே அந்த நிறுவனம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியதும் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. சட்டம் செயலியை மூடும். அந்தத் தம்பி தேடிய மரியாதையைச் சட்டம் கொண்டுவந்து தராது. அதை நாம்தான் பக்கத்திலேயே உண்டாக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு விதியை மாற்றினோம். ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு ட்ரேடை எதிர்ப்பவர் எழுந்து நின்று, எந்தப் பக்கத்துக்கு எத்தனை புள்ளி நட்டம் என்று எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் விவாதம், இல்லையென்றால் ட்ரேடு செல்லும். பழைய ட்ரேடுகளுக்கும் இதே அளவுகோல். பட்லர்-திரிபாதி கணக்கைப் பலகையில் எழுதியபோது அறை அமைதியானது. பிறகு சாய் சுதர்சன் கணக்கு. கோலியை வைத்திருந்த அந்தக் கல்லூரி மாணவர், போன வாரம் எதிர்த்து ஓட்டுப் போட்டவர், தானே சாக்பீஸை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். "இதுல தப்பு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். ட்ரேடு நடந்தது. சீசன் முடிவில் சாய் சுதர்சன் 759 ரன். நூர் அகமது 24 விக்கெட், அதாவது 600 புள்ளி. தோனியின் இருநூறுக்குச் சற்றுக் குறைந்த ரன்னையும் சேர்த்தால் இரண்டு தட்டும் ஏறக்குறைய சமம்.

அந்த மாணவர் ஏன் மாறினார்? மனசாட்சியைத் தட்டி நாங்கள் உரை நிகழ்த்தவில்லை. ஓட்டுப் போடக் காரணம் தேவையில்லை. கையைத் தூக்கினால் போதும். காரணத்தை எண்ணில் எழுது என்றதும் கையை இறக்கி யோசிக்க வேண்டியதாயிற்று.

தரவரிசை பற்றிப் பேசும்போது பல்வாங்கர் பாலுவை மறக்க முடியாது. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் ஆடுகளம் சீர்செய்யும் வேலை பார்த்துக்கொண்டே வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசிக் கற்றவர். கூட ஆடிய இந்து வீரர்கள் அவருக்கு மைதானத்தில் பந்தைக் கொடுத்தார்கள். தேநீரை வெளியே வைத்து மண் குவளையில் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். ஆனாலும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வரவேயில்லை. 1920இல் சகோதரர்கள் எதிர்த்து நின்றார்கள். 1923இல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். அதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாயகர்களை அப்பழுக்கில்லாமல் துடைத்து வைப்பது நம் வேலையல்ல. பாலுவின் வாழ்க்கை காட்டுவது இது: பட்டியலில் முதலிடம் பிடித்தாலும் பந்தலில் இடம் தானாக வராது. இரண்டுக்கும் தனித்தனியாகப் போராட வேண்டும்.

எங்கள் லீக்கில் கோலி வைத்திருந்த மாணவர்தான் முதலிடம். பெங்களூரு இறுதிப்போட்டி வரை போனது அவருக்குக் கைகொடுத்தது. ஓவர்லாக் தம்பி இரண்டாமிடம். பட்லர் ப்ளே ஆஃபுக்கு முன் இங்கிலாந்து திரும்பியதால் பங்காளி அணி சறுக்கியது. செக்கிங் அக்காக்கள் ஐந்தாவது. அதற்காக அவர்கள் இன்னும் தோனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலையில் ஓவர்லாக் தம்பியின் கம்பெனியில், பீஸ் டேமேஜ் என்று சொல்லி லைனில் பலருக்குச் சம்பளம் பிடித்தார்கள். தம்பி சூப்பர்வைசரிடம் போய், "எத்தன பீஸ், எவ்வளவு புடிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். எழுதித் தரவில்லை. பிடித்த பணத்தில் பாதி அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தது. மீதிப் பாதியைக் கேட்க இப்போது ஏழு பேர் கையெழுத்துப் போட்ட மனு தயாராகிறது.

மாணவத் தோழர்களே, உங்கள் விடுதியில், தெருவில் இப்படியொரு லீக் நடத்த ஒரு கரும்பலகையும் நோட்டும் போதும். காசு வேண்டாம். ஏலம் சீட்டில். பேச்சு 'ங்க'வில். எதிர்ப்பு எண்ணில். அடுத்த சீசனுக்கு எங்களிடம் இப்போதே 12 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. அதில் இரண்டு, காலனியும் ஊரும் சேர்ந்து எடுக்கும் கூட்டு அணிகள்.

ஜெய் பீம்.