மலைப்பாதையில் ஒரு மாலுமி

தமிழ்த்துறை மாணவ மாணவியரோடு கொல்லிமலைக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். வல்வில் ஓரி ஆண்ட மலையைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது நம் நெடுநாள் விருப்பம். அடிவாரத்தில் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இருபது ஆண்டுப் பழக்கமுள்ளவர். ஆயினும் மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்ட பின்னரே வண்டி நகர்ந்தது. "ஹாரன் அடிங்க, எதிர்ல வண்டி வருது, கொஞ்சம் நில்லுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, நம் ஓட்டுநர் அவ்வாறே செய்தார்.

அப்போது காயல்பட்டினத்து மாணவர் ஒருவர், "ஐயா, துறைமுகத்தில் கப்பலுக்கும் இப்படித்தான் பைலட் ஏறுவார். என் தம்பி அந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்ப்பது?" என்று வினவினார். நாம் வாயடைத்துப் போனோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே வினாவை மற்றொருவர் கேட்டபோது, "எதுவாயினும் படி, பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆராயாமல் விடையளித்திருந்தோம். அவர் வணிகவியல் எடுத்தார். கடற்கல்வியின் வாயில் அவருக்கு அடைபட்டது. அப்பிழை நம் நெஞ்சில் முள்ளாய்த் தங்கியிருந்தது. இம்முறை, கேட்டறிந்து சொல்வதாக மட்டுமே வாக்களித்தோம்.

ஊர் திரும்பிக் கேட்டறிந்தவை இவை: மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும்; ஆங்கிலத்திலும் நல்ல மதிப்பெண் வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் தெளிந்த பார்வை இன்றியமையாதது. 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வெழுதி, மூன்றாண்டு நாட்டிகல் சயின்ஸ் பட்டம் பயிலலாம். பின்னர்க் கப்பலில் பயிற்சி. அதன்மேல் இரண்டாம் மேட், தலைமை மேட், மாஸ்டர் என ஒவ்வொரு படிக்கும் கடற்பணிக் காலமும் தேர்வும் உண்டு. பெருந்துறைமுகங்கள் பொதுவாக, அயல்நாடு செல்லும் கப்பலுக்குரிய மாஸ்டர் சான்றிதழ் பெற்றவரையே பைலட்டாக எடுக்கின்றன. அவரிடமும் உடனே கப்பலை ஒப்படைப்பதில்லை. மூத்த பைலட்டுடன் சென்று அத்துறைமுகத்தின் ஆழம், ஓதம், நீரோட்டம், காற்று, இழுவைப் படகின் வலிமை யாவும் பயின்ற பின்னரே உரிமம். உலகெல்லாம் சுற்றிய கப்பல் தலைவரும் புதிய துறைமுகத்தில் மீண்டும் மாணவரே!

இது புதிய வழக்கமன்று. பரிகாசாத் துறையில், அதாவது இன்றைய பரூச்சில், அரசப் பணியிலிருந்த மீனவர் கடலுக்குள் சென்று கப்பல்களை அழைத்துவந்ததை முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. பெண்களுக்கு இப்பணி ஆகுமா என்று நம் மாணவியர் கேட்டனர். கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் ஹூக்ளி ஆற்றுவழியே கப்பல் செலுத்தவேண்டிய கொல்கத்தாத் துறைமுகத்தில், சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நாஹா பயின்று, 2018இல் இந்தியாவின் முதல் பெண் பைலட்டானார் என்று விடை பகர்ந்தோம்.

மாணவரின் தம்பி இப்போது கணிதப் பிரிவில் பயில்கிறார். மாலுமி என்னும் சொல் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் ஆசிரியர். பாதை அறியாத மாலுமி கப்பலைத் தரைதட்டச் செய்வார். ஆராயாது வழிசொல்லும் ஆசிரியர் செய்வதும் அதுவே. தாம் அறியாத பாதையில் உள்ளூராரை அருகில் அமர்த்திக்கொள்ளத் தயங்காத அந்த ஓட்டுநரே அன்று நமக்கு முஅல்லிம்.