கைவிடுவதற்கும் மதிப்பெண் கொடுங்கள்

சைபர் பாதுகாப்புத் துறையில் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைத் தக்கவைக்க 3 ஆண்டுகளில் 120 மதிப்பெண்ணுக்குத் தொடர்கல்வி காட்ட வேண்டும். பெரும்பாலும் மணிக்கு ஒரு மதிப்பெண். வெபினாரை ஓடவிட்டு மெயில் பார்த்துக்கொண்டிருந்தாலும் கணக்கில் ஏறிவிடும். புதிதாக என்ன கேட்டோம் என்பதை இந்த முறை எண்ணுகிறது. பழையதில் எதைக் கைவிட்டோம் என்று கேட்பதேயில்லை. பாஸ்வேர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனதற்கான அறிகுறி இல்லாதபோது, இத்தனை நாளுக்கொருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம் என அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 90 நாள் கெடு பல அலுவலகங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது.

"ஆடிட்டர் கேட்கிறாரே" என்பார்கள். நியாயம்தான். கார்டு பரிவர்த்தனைக்கான பிசிஐ விதிகளில், பாஸ்வேர்ட் மட்டுமே காவலாக இருக்கும் இடத்துக்கு 90 நாள் என்ற வழி இன்றும் உண்டு. ஆனால் ஓடிபி போன்ற இரண்டாவது சோதனையைச் சேர்த்தால் அந்தக் கெடு பொருந்தாது. இதைப் படித்தவர்தானே ஆடிட்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்? மணிக்கணக்கை எடுத்துவிட்டால் எந்த மேலாளரும் படிக்க நேரம் தரமாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே 120 இருக்கட்டும். அதில் ஒரு பங்கை, தன் அலுவலகத்தின் காலாவதியான விதியொன்றை ஆதாரத்தோடு நீக்கவைத்தவருக்கு ஒதுக்குங்கள்.