சிட்லிங்கியில் கண்ட ஈகை

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் ஆண்ட ஊர். அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவன் ஔவைக்கு ஈந்த வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கல்லூரியில் தமிழ் படித்த நாளில் எங்கள் பேராசிரியர் இதில் ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டினார். அக்கனியின் பெருமையை வாய்விட்டுச் சொல்லாமலே அதியமான் கொடுத்தான் என்பதே அது. சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா என்பது ஐயமே. பெறுகின்றவர் மனம் கூசாதபடி கொடுக்க வேண்டும் என்பதை அந்த மன்னன் அறிந்திருந்தான். மறைவாகச் செய்யும் தர்மத்திற்கு நம் மார்க்கம் அளித்திருக்கும் உயர்வையும் நாம் அறிவோம். அறிந்தும் என்ன செய்கிறோம்?

சென்ற ரமளானில் எங்கள் மஹல்லாவில் ஜகாத் புடவைகள் வழங்கப்பட்டன. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் பணி எனக்கு. பள்ளிவாசல் வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, கையில் சீட்டுடன் நீண்ட வரிசை. நோன்பு வைத்த வாயோடு வெயிலில் நின்ற பெண்களுள் ஒரு முதிய விதவையும் இருந்தார். பத்துப் பதினைந்து நிமிடம் நின்றிருப்பார். பிறகு முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பி நடந்துவிட்டார். மாலையில் கணக்குப் பார்த்தபோது ஒரு புடவை மிஞ்சியது. “வராதவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும், ஹஜ்ரத்?” என்றார் நிர்வாகி ஒருவர். அவர் நல்ல மனிதர்; தம் கைப்பணத்தையும் சேர்த்துக் கொடுத்தவர். ஆனால் அந்தப் பெண்மணி வந்தார் என்பது எனக்குத் தெரியும். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதியதும் என் கைதான்.

ஷவ்வால் மாதத்தில், மதரஸா திறக்கச் சில நாட்களே இருந்தபோது, அரூரில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் பதில் ஒன்றும் கூறவில்லை. “நாளைக்குச் சிட்லிங்கி போய் வரலாம், வாங்க” என்று மட்டும் அழைத்தார்.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினோம். சமவெளி மெல்லச் சுருங்கி, இருபுறமும் மலைகள் நெருங்கி வந்தன. ஒருபுறம் கல்வராயன் மலை. மறுபுறம் சித்தேரி மலை. இடையில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. தருமபுரி என்றாலே வறட்சியும், வேலை தேடித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகும் கூட்டமுமே நினைவுக்கு வரும். அந்தப் பள்ளத்தாக்கின் பசுமையோ கண்ணுக்கு இதமாக இருந்தது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வந்த பெயர். லம்பாடி மக்களின் தாண்டாக்களும் இங்கு உண்டு.

ஒரு தலைமுறைக்கு முன் இம்மக்களுக்குப் பிணி வந்தால் போக்கிடம் இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து அரூர் சேர வேண்டும். அறுவைச் சிகிச்சை என்றால் தருமபுரிக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். பேருந்து எப்போதேனும் வரும். பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணுக்கு அந்தத் தொலைவு என்னவாக இருந்திருக்கும் என்பதை இல்லத்துத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்கட்டும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே மடிந்தன என்று அக்காலக் கணக்கு கூறுகிறது. ஏழு தொட்டில்களுக்கு ஒரு தொட்டில் வெறுமையானது என்று பொருள்.

1993ஆம் ஆண்டு இங்கு ஓர் இளம் மருத்துவத் தம்பதியர் வந்தனர். ரெஜி ஜார்ஜ், லலிதா என்பது அவர்கள் பெயர். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்று, காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். நகரத்தில் மருத்துவமனை கட்டிப் பொருள் குவிக்க அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆயினும் மருத்துவரே எட்டிப் பாராத இடத்தைத் தேடி வந்தார்கள். கையில் பெருநிதி இல்லை. நண்பர்கள் தந்த உதவியே முதல். நிலம் வாங்க வழியில்லாமல் புறம்போக்கு நிலத்தில் ஒரு குடிசை எழுந்தது. அதைக் கட்டிக்கொடுத்தவர்கள் அந்த மலைமக்களே.

இந்த இடத்தில் என் நடை நின்றுவிட்டது. கொடுக்க வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தவர்கள் அந்த ஏழைகள்! மண்ணும் கீற்றும் கைவலியுமாக அவர்கள் இட்ட ஸதகா அது. அந்தக் குடிசையிலேதான் நோய் பார்க்கப்பட்டது, பிரசவம் நடந்தது, அறுவையும் நடந்தது. லலிதா மகப்பேறு மருத்துவர். ரெஜி மயக்க மருந்துத் துறையில் பயிற்சி பெற்றவர். ஒருவர் கையும் மற்றவர் கையும் சேர்ந்தே ஓர் அறுவைக்கூடம் ஆயிற்று. இன்று அது 35 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. ‘பழங்குடியினர் நலவாழ்வு முனைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு உண்டு.

மருத்துவத் தம்பதியரை நான் சந்திக்கவில்லை. சந்திக்க முயலவும் இல்லை. நோயாளிகள் காத்திருக்கையில் வேடிக்கை பார்க்க வந்தவன் குறுக்கே நிற்பது முறையாகாது. வெளியே நிழலில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சிற்றூரிலும் ஊராரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்களுக்கு இங்கே சுகாதாரப் பயிற்சி தந்தார்களாம். அப்படிப் பயின்றவருள் இவரும் ஒருவர். பள்ளி சென்றவர் அல்லர். கருவுற்ற பெண்ணின் கால் வீக்கத்தைக் கண்டு எச்சரிப்பார். வயிற்றுப்போக்கால் சோர்ந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டச் சொல்லித்தருவார்.

“முன்னெல்லாம் புள்ள செத்தா சாமி குத்தம்னு கெடப்போம், பாய். இப்ப ஏன் செத்துதுன்னு கேக்கறோம்” என்றார்.

“இதற்குச் சம்பளம் எவ்வளவு தருகிறார்கள், அம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எங்க ஊருப் புள்ளைங்கதானே” என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

இத்தகைய பெண்களின் நடையும், இங்கேயே பயிற்றுவிக்கப்பட்டுச் செவிலியரான மலைமக்களின் மகள்களுடைய உழைப்பும் சேர்ந்துதான் 147 என்ற அந்தக் கொடிய எண்ணை இருபது அளவுக்கு இறக்கின.

பின்னாளில் வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் இப்பணி விரிந்தது. 2004இல் சிலராகத் தொடங்கிய இயற்கை உழவர் சங்கத்தில் இன்று நூற்றுக்கணக்கானோர் இருக்கின்றனர். லம்பாடிப் பெண்கள், மறந்துபோகவிருந்த தம் பாட்டிமாரின் பூத்தையலை மீட்டெடுத்து விற்பனை செய்கின்றனர். ‘பொர்கை’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்; அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருளாம். நண்பர் ஒரு கைப்பை வாங்கினார். விலையைக் குறைத்துக் கேட்க அவருக்கும் மனம் வரவில்லை.

திரும்பும் வழியில், ஆண்டுதோறும் என் மாணவர்களுக்கு நான் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி நினைவில் எழுந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகம் அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்புத் துணியும் ஒரு கிண்ணமும் இருந்தன. அவற்றை வரவழைத்துத் தாமே ஏலமிட்டு இரண்டு திர்ஹம் பெற்று, ஒன்றைக் குடும்பத்து உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் ஒதுக்கினார்கள். அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பும் பூட்டிக்கொடுத்தார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹத்துடன் வந்தார். உழைப்பின் சிறப்பைச் சொல்லவே இதுவரை இந்த ஹதீஸை எடுத்தாண்டிருக்கிறேன். அன்று வேறொன்று புலப்பட்டது. காம்பு பூட்டும் நேரத்தை நாயகம் அவர்கள் அவருக்காகக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னதாக, ‘உம்மிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்டார்கள். எங்கள் பட்டியலில் அக்கேள்விக்கு இடமே இல்லை. பெயர், தெரு, சீட்டு எண், இவ்வளவுதான்.

‘அது மாற்று மதத்தாருக்கான பணியாயிற்றே, நமக்கென்ன?’ என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். ஜகாத் யாரைச் சேர வேண்டும் என்பதற்கு மார்க்கச் சட்டத்தில் வரையறை உண்டு. அதைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை. ஆனால் ஸதகாவின் வாசல் அகன்றது. அண்டை வீட்டாரின் பசியை அறிய அவர் மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்வதற்கோ எவரிடமும் தடையில்லை.

தருமபுரி வந்த மறுநாள், மிஞ்சியிருந்த புடவையை எடுத்துக்கொண்டு, என் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போனேன். புடவையை ஓரமாக வைத்துவிட்டு, அன்று ஏன் திரும்பிவிட்டீர்கள் என்று என் துணைவியார் கேட்டார். முழங்கால் வலி, நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம் என்றார் அவர். மருத்துவரிடம் காட்டினீர்களா என்றதற்கு, “துணைக்கு யாரும்மா இருக்காங்க?” என்றார்.

சற்று நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இளமையில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவராம் அவர். ஒன்றிரண்டு அத்தியாயங்களை ஓதியும் காட்டினார். உச்சரிப்பு என் மாணவர் பலரைவிடத் திருத்தமாக இருந்தது.

இப்போது வியாழன்தோறும் என் மாணவர் இருவர் முறைவைத்து அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். அவர் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பக்கத்து வீடுகளின் சிறுமியர் ஆறு பேர் ஓத வருகிறார்கள். அடுத்த ரமளானுக்கான பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடிட்டு வைத்திருக்கிறேன். அதற்கு என்ன தலைப்பு எழுதுவது என்று நிர்வாகிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.